பற்றவைப்புக் கருவியின் கடவுச்சொல் யாரிடம்?

கார்த் தொழிற்சாலைகளில் ரோபோக்கள் வெல்டிங் செய்வது இந்தியத் தொழிலாளிக்குப் பழகிப்போன காட்சி. மனேசர், சாக்கண், ஸ்ரீபெரும்புதூர் ஆகிய இடங்களில் அது புதிய செய்தியே அல்ல. ஆனால் அந்த ரோபோ வந்து நிற்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது பெரும் முதலீடு. இரண்டாவது, ஒரே பாகம் ஒரே வாகில் ஆயிரக்கணக்கில் அதன் முன்னால் வந்துகொண்டே இருக்க வேண்டும். இவ்விரண்டும் வாய்க்காத பட்டறைகள் நாடெங்கும் ஏராளம். ஹோட்டல் சமையலறைச் சாமான்கள், மருத்துவமனைக் கட்டில்கள், மின்பலகைப் பெட்டிகள், மாடிப்படிக் கைப்பிடிகள், பால் தொட்டிகள் ஆகியவற்றைச் செய்யும் பட்டறைகளில் காலையில் ஒரு வடிவம், மாலையில் இன்னொரு வடிவம். அங்கே ரோபோவுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் ஒரு நல்ல வெல்டர் வேலையையே முடித்துவிடுவார். ராஜ்கோட், பரீதாபாத், புனே, கோவை போன்ற தகட்டுத் தொழில் நகரங்களில், சங்கம் இல்லாத இடத்திலும், டிக் வெல்டருக்கு ஓரளவு பேர வலிமை இருந்ததென்றால் அதன் காரணம் இதுதான். அவரது கைக்கு மாற்று இல்லை.

அந்த மாற்று இப்போது வந்துவிட்டது. கையில் பிடித்து இயக்கும் லேசர் பற்றவைப்புக் கருவி கடந்த சில ஆண்டுகளில் சில லட்ச ரூபாய்க்குக் கிடைக்கும் பண்டமாகிவிட்டது. இவற்றின் லேசர் மூலம் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. ‘தற்சார்பு இந்தியா’ முழக்கத்தின் ஸ்டிக்கர் இங்கே ஒட்டப்படுகிறது. செயற்கை நுண்ணறிவு கணினித்துறை வேலைகளை விழுங்குமா என்று நாளேடுகள் பக்கம் பக்கமாக விவாதிக்கின்றன. பட்டறைத் தளத்தில் நடக்கும் இந்த மாற்றத்துக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவதில்லை.

கை செய்த வேலை

டிக் முறையில் ஒரு வெல்டர் ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளைச் செய்கிறார் என்பதை, அருகில் நின்று பார்த்தவர்களும் முழுதாக எண்ணியிருக்க மாட்டார்கள். ஒரு கை டார்ச்சைப் பிடித்து, டங்ஸ்டன் முனைக்கும் உலோகத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியைக் காக்கிறது. மறு கை நிரப்புக் கம்பியை உருகிய உலோகக் குட்டையின் விளிம்பில் தொட்டுத் தொட்டு எடுக்கிறது. பல வேலைகளில் கால் மிதியில் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. டார்ச்சின் சாய்வும் நகரும் வேகமும் தவறக்கூடாது. இணைப்பின் இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடிக்க முனையைப் பக்கவாட்டில் சீராக அசைக்க வேண்டும். ‘வீவிங்’ என்று பட்டறையில் சொல்லப்படுவது இந்த அசைவையே. இவ்வளவுக்கும் நடுவே கருங்கண்ணாடி வழியே கண் அந்தக் குட்டையை விட்டு அகலாமல் இருக்கிறது. குட்டை தொய்வதைக் கண் கண்ட கணத்தில் கை வேகம் கூட்டியிருக்கும். ஐடிஐ-யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள துருவேறா எஃகுத் தகட்டை ஓட்டை விழாமலும் நெளியாமலும் இணைக்கும் கை ஓராண்டில் வருவதில்லை. பல ஆண்டுகள் ஹெல்பராக நின்று, மிச்சத் தகடுகளில் பழகி, கண்ணில் மணல் கொட்டியதுபோன்ற ஆர்க் உறுத்தலோடு இரவுகளைக் கழித்து, ஒரு தொழிலாளி சேர்த்த சொத்து அது. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த தொழிலாளியிடம் நிலமோ வீடோ இல்லாதபோதும் இந்தச் சொத்து இருந்தது.

லேசர் கருவியில் இந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போகின்றன. துப்பாக்கி வடிவிலான தலைக்கு ஒளியிழை வழியே லேசர் வருகிறது. தலைக்குள் மோட்டாரால் அசையும் ஒரு சிறு கண்ணாடி அந்த ஒளிக்கற்றையைப் பக்கவாட்டில் வினாடிக்கு நூறு தடவைக்கு மேலும் ஊசலாட்டக்கூடியது. வெல்டர் ஆண்டுக்கணக்கில் பழகிய வீவிங் இங்கே தொடுதிரையில் இரண்டு எண்கள்: எவ்வளவு அகலம், எவ்வளவு வேகம். நாசில் உலோகத்தைத் தொட்டபடியே நகர்வதால் தூரத்தைக் காக்கும் பொறுப்பு நாசிலுக்குப் போய்விட்டது. நிரப்புக் கம்பியை ஃபீடர் சீராகத் தள்ளுகிறது. தள்ளப்படும் கம்பி உலோகத்தில் முட்டித் துப்பாக்கியைப் பின்னோக்கி உந்துவதால், நகரும் வேகத்தையும் பெருமளவுக்கு ஃபீடரே தீர்மானித்துவிடுகிறது. எந்த உலோகம், எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று திரையில் தேர்ந்தெடுத்தால் லேசரின் வலிமையும் மற்ற அளவுகளும் தாமே வந்து அமர்கின்றன. தொழிலாளிக்கு மிஞ்சுவது துப்பாக்கியைப் பிடிப்பதும், இணைப்புக் கோட்டிலிருந்து விலகாமல் பார்ப்பதும்.

கப்பல் கட்டும் தளங்களில் பற்றவைப்பு முனையைச் சுமந்து தகட்டின் ஓரமாக ஊர்ந்து செல்லும் சிறு வண்டிகளும், குழாயைச் சுற்றித் தானே வட்டமிட்டுப் பற்றவைக்கும் கருவிகளும் முன்பே உண்டு. அவை குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டுமே பொருந்தின. லேசர் துப்பாக்கி அப்படி ஒரு வேலைக்குள் அடங்குவதில்லை. மூலை, வளைவு, தட்டை என்று கை போகும் இடமெல்லாம் அது போகிறது.

மூலதனம் முதல் தொகுதியின் இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் கருவிக்கும் இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குகிறார். மனிதனின் கையில் இருந்த கருவி கழற்றப்பட்டு ஒரு பொறியமைப்பில் பொருத்தப்படும்போது இயந்திரம் பிறக்கிறது என்பது அந்த விளக்கம். லேசர் துப்பாக்கியில் நடப்பது இதன் விசித்திரமான வடிவம். கருவி கையிலேயே இருக்கிறது. கையின் அசைவு மட்டும் கழற்றப்பட்டுப் பொறிக்குள் போய்விட்டது. வெளிப்பார்வைக்குத் தொழிலாளி கருவியைப் பிடித்து நிற்பதால், எதுவும் மாறவில்லை என்ற தோற்றமும் கிடைக்கிறது. ரோபோ வந்தால் சங்கம் விழித்துக்கொள்ளும். துப்பாக்கி மாறியதைச் சங்கம் கவனிப்பதுகூட இல்லை.

நல்லது எது?

இந்த இயந்திரமே கேடு என்று வாதிடுவது தவறு. டிக்கைவிட நான்கு மடங்கு வேகம் என்று விற்பனை விளம்பரங்கள் சொல்வதில் வியாபார மிகை இருக்கலாம். வேகம் கணிசமாகக் கூடுவது உண்மை. வெப்பம் சிறு இடத்திலேயே அடங்குவதால் மெல்லிய தகடு நெளிவது குறைகிறது. இணைப்பு வழவழப்பாக வருவதால் கிரைண்டரைப் பிடித்துத் தேய்க்கும் வேலை வெகுவாகக் குறைகிறது; காதைக் கிழிக்கும் ஓசையும் கையை மரக்கச் செய்யும் அதிர்வும் உலோகத் தூசியும் அதோடு குறைகின்றன. நாற்பத்தைந்து வயதில் கை நடுக்கம் தொடங்கிய வெல்டர் இந்தக் கருவியால் இன்னும் பத்தாண்டு வேலை செய்ய முடியும். டிக் வெல்டிங்கின் நீண்ட பழகுகாலத்தைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்ட பெண்களுக்கும் இதில் இடம் உண்டு. இவையெல்லாம் உழைப்பின் சுமையைக் குறைக்கும் மாற்றங்கள். மிச்சமான நேரமும் குறைந்த சுமையும் யாருடைய கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன என்பதில்தான் தகராறு.

அதே விளம்பரங்களில் இன்னொரு வாக்குறுதி தவறாமல் இடம்பெறுகிறது: அனுபவமே இல்லாத ஒருவரைச் சில மணி நேரத்தில் பழக்கிவிடலாம். முதலாளி பணத்தை எடுத்து வைப்பது வேகத்துக்காக மட்டும் அல்ல, இந்த வாக்குறுதிக்காகவும்.

ஒரு நாளுக்கு 171 ரூபாய்

திறன் என்பது கௌரவப் பட்டம் மட்டும் அன்று. கூலிப் பட்டியலில் அது ஒரு வரிசை. ஒன்றிய அரசின் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு தொழிலாளர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது: திறன் தேவைப்படாத வேலை, பாதித் திறன், முழுத் திறன், உயர் திறன். 2024 அக்டோபர் 1 முதல் அமலான அறிவிப்பின்படி, கட்டுமானத்துறையில் ‘ஏ’ பிரிவுப் பகுதிகளுக்கு இவற்றின் நாள் ஊதியம் முறையே 783, 868, 954, 1,035 ரூபாய். வெல்டர் மூன்றாம் வரிசையில் இருப்பவர். அவர் இரண்டாம் வரிசைக்கு இறக்கப்பட்டால் நாளொன்றுக்கு 86 ரூபாய் இழப்பு. 26 நாள் மாதத்துக்கு 2,236 ரூபாய். முதல் வரிசைக்கே இறக்கப்பட்டால் நாளொன்றுக்கு 171 ரூபாய், மாதத்துக்கு 4,446 ரூபாய். மாநில அரசுகளின் விகிதங்கள் வேறுபட்டாலும் படிக்கட்டு இருக்கவே செய்கிறது. ஒரு பட்டறையில் ஆறு வெல்டர்கள் என்று வைத்துக்கொண்டால், ஒருவரையும் வேலையை விட்டு நீக்காமல், பெயர்ப்பலகையை மட்டும் ‘வெல்டர்’ என்பதிலிருந்து ‘ஆபரேட்டர்’ என்று மாற்றி, கருவியின் விலையைச் சில ஆண்டுகளில் தொழிலாளியின் பையிலிருந்தே முதலாளி எடுத்துவிட முடியும்.

இந்த இறக்கத்தை எப்படி நியாயப்படுத்துவார்கள்? இங்கே அந்த அறிவிப்புகளில் உள்ள வரையறையைக் கவனமாகப் படிக்க வேண்டும். அனுபவத்தாலோ தொழிற்பயிற்சியாலோ பெற்ற தேர்ச்சியும், சொந்த முனைப்பும், தீர்மானிக்கும் ஆற்றலும் தேவைப்படும் வேலை முழுத் திறன் வேலை. முக்கியமான முடிவுகளை வேறொருவர் எடுக்க, வகுத்துத் தந்த வழக்கமான கடமையைச் சரியாக நிறைவேற்றுவது பாதித் திறன் வேலை. இரண்டையும் பிரிக்கும் கோடு, முடிவெடுப்பது யார் என்பதே.

லேசர் கருவிகள் பலவற்றின் தொடுதிரையில் அளவுகளை மாற்றும் பக்கத்துக்குக் கடவுச்சொல் பூட்டு உண்டு. பாதுகாப்புக்காகவும், தவறான அளவு வைத்துத் தலையைக் கெடுத்துவிடாமல் இருக்கவும் என்று அதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. காரணத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அந்தக் கடவுச்சொல் சூப்பர்வைசரிடம் மட்டும் இருந்தால், தீர்மானம் அலுவலக அறைக்குப் போய்விடுகிறது. தொழிலாளி தேர்ச்சி இல்லாதவராக மாறவில்லை. தேர்ச்சியைப் பயன்படுத்த அனுமதி இல்லாதவராக மாற்றப்பட்டுள்ளார். நாளை கூலி வழக்கு வந்தால், “அளவுகளை வைப்பவர் இவரல்லர், இவர் பிடித்துக்கொண்டு நிற்பவர்” என்று முதலாளியின் வழக்கறிஞர் சொல்வதற்கு அந்தப் பூட்டே சாட்சி.

இதற்கு வரலாற்றில் முன்னுதாரணம் உண்டு. அமெரிக்க வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984-இல் வெளியிட்ட உற்பத்தி சக்திகள் என்ற நூல், இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடைசல் இயந்திரங்களைத் தானியங்கியாக்க இருந்த இரண்டு வழிகளைப் பற்றிப் பேசுகிறது. ஒரு வழியில், தேர்ந்த தொழிலாளி ஒரு பாகத்தைச் செய்யும்போது அவரது அசைவுகள் நாடாவில் பதிவாகும். பின்னர் இயந்திரம் அவற்றைத் திரும்பச் செய்யும். நிரல் தொழிலாளியின் கையிலிருந்தே பிறக்கும். மறுவழியில், பொறியாளர் அலுவலகத்தில் அமர்ந்து எண்களால் நிரல் எழுதி அனுப்புவார். இரண்டாவது வழியே வென்றது. அமெரிக்க விமானப்படையின் பணம் அதன் பின்னால் நின்றது. தொழில்நுட்பத் தேவை மட்டுமே அதைத் தீர்மானிக்கவில்லை, உற்பத்தியின் கட்டுப்பாட்டைத் தளத்திலிருந்து அகற்றும் நிர்வாகத்தின் விருப்பமும் சேர்ந்தே தீர்மானித்தது என்பது நோபிளின் முடிவு. திறன் பறிப்பு குறித்து 1974-இல் உழைப்பும் ஏகபோக மூலதனமும் என்ற நூலை எழுதிய ஹாரி பிரேவர்மன், செம்புக் கொல்லராகத் தொழில் பழகியவர். பட்டறையை உள்ளிருந்து அறிந்தவர் என்பதும் நினைவுகூரத் தக்கது.

வெல்டரின் கையிலிருந்து போன திறன் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். லேசர் கற்றை மிக நுண்ணியது. ஆர்க் வெல்டர் இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளியைக் கம்பி நிரப்பிச் சமாளித்துவிடுவார். லேசரில் அந்தச் சலுகை குறைவு. தகடு துல்லியமாக வெட்டப்பட்டு, துல்லியமாக வளைக்கப்பட்டு, ஓரம் ஓரத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். ஆகவே வெட்டுபவர், வளைப்பவர், பொருத்திப் பிடிப்பவர் ஆகியோரின் மீது துல்லியத்தின் சுமை கூடுகிறது. அவர்களுக்குக் கூலி கூடியதாக எங்கும் பேச்சில்லை. திறன் ஒருவரிடமிருந்து எடுக்கப்படும்போது கூலி குறைகிறது. இன்னொருவர் மீது ஏற்றப்படும்போது கூலி அசைவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

சில மணி நேரப் பயிற்சி என்ற வாக்குறுதியின் கொடிய பக்கம் பாதுகாப்பில் இருக்கிறது. இந்தக் கருவிகள் லேசர் அபாய வகைப்பாட்டில் உச்ச வகையான நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை. இவற்றின் ஒளி அலைநீளம் ஏறத்தாழ 1,070 முதல் 1,080 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தெரியாததால் இமை அனிச்சையாக மூடுவதும் இல்லை. கண்ணின் வில்லை அந்த ஒளியை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும். ஆர்க் வெல்டிங்கில் வரும் கண் உறுத்தல் ஓரிரு நாளில் ஆறும். விழித்திரையில் விழுந்த லேசர்க் காயம் ஆறாமல் பார்வையை நிரந்தரமாகப் பறிக்கக்கூடும். பளபளக்கும் எஃகு, அலுமினியம், பித்தளை ஆகியவற்றில் பட்டுத் தெறிக்கும் கற்றை, கருவியைப் பிடித்திருப்பவரை விட்டுவிட்டுப் பக்கத்து மேசையில் வேலை செய்பவரைத் தாக்கலாம். வழக்கமான வெல்டிங் முகமூடி இதற்காகச் செய்யப்பட்டதன்று. அந்த அலைநீளத்துக்கென்றே தரச்சான்று பெற்ற கண்ணாடியும், ஒளி வெளியேறாத தடுப்பறையும், கதவு திறந்தால் லேசர் தானே அணையும் அமைப்பும் வேண்டும். கையில் பிடிக்கும் லேசர் கருவிகளுக்கென்று ஐஎஸ்ஓ 11553-2 என்ற சர்வதேசத் தரநிலை 2007-லேயே வந்துவிட்டது.

புகை இன்னொன்று. பற்றவைப்புப் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் முடிவு செய்து முதல் தொகுதியில் சேர்த்தது. துருவேறா எஃகின் புகையில் குரோமியமும் நிக்கலும் உண்டு. லேசரில் தீப்பிழம்பும் கரும்புகையும் குறைவாகத் தெரிவதால், புகையே இல்லை என்ற மயக்கம் ஏற்படுகிறது; உறிஞ்சுகுழாய் வாங்கும் செலவை மிச்சம்பிடிக்க அந்த மயக்கம் முதலாளிக்கு வசதியாக இருக்கிறது.

நாசில் உலோகத்தைத் தொட்டிருந்தால் மட்டுமே ஒளி வரும் என்ற பாதுகாப்பு ஏற்பாடு இக்கருவிகளில் உண்டு. வேலை அவசரத்தில் அதன் கம்பியைத் துப்பாக்கியிலேயே சுற்றி அந்த ஏற்பாட்டை முடக்குவது கடினமான காரியம் அல்ல. இதையெல்லாம் சோதிக்க வேண்டிய ஆய்வாளர் எங்கே? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், மின்விசை பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தாலே அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டுள்ள பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்திவிட்டது. லேசர் துப்பாக்கி குறிவைத்து நுழையும் பட்டறைகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குக் கீழே உள்ளவை. மிக ஆபத்தான ஒளி, மிகக் குறைந்த கண்காணிப்பு உள்ள இடத்துக்கு வந்து சேர்கிறது.

1957-இன் மறந்துபோன பாதி

இயந்திரத்தை எதிர்ப்பதா ஏற்பதா என்ற கேள்வி இந்தியத் தொழிற்சங்க இயக்கத்துக்குப் புதியதன்று. ‘ரேஷனலைசேஷன்’ என்ற பெயரில் ஒரு நெசவாளிக்குக் கூடுதல் தறிகளைச் சுமத்தியதை எதிர்த்துக் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 1955-இல் 80 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 1960-களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கணினியை நிறுவ முனைந்தபோது கல்கத்தாவின் இலாகோ ஹவுஸ் கட்டடத்தை ஊழியர்கள் இரவும் பகலும் காவல் காத்தனர். கணினியை எதிர்த்த பிற்போக்குவாதிகள் என்று அந்தப் போராட்டத்தை இன்றும் ஏளனம் செய்பவர்கள், வேலையிழப்பே அந்த ஊழியர்களின் அச்சமாக இருந்தது என்பதைச் சொல்வதில்லை. அதேநேரத்தில், கருவியை வாசலில் நிறுத்திவிடும் வழி, ஒரு நிறுவனம், ஒரு கட்டடம், ஒரு வலுவான சங்கம் என்ற நிலைமையில் மட்டுமே சாத்தியம். ஒருவர் காரின் டிக்கியில் வைத்துக் கொண்டுவந்துவிடக்கூடிய கருவியை எந்த வாசலில் மறிப்பது?

கான்பூருக்கு இரண்டாண்டுகளுக்குப் பின், 1957 ஜூலையில் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டைத் தோழர்கள் அனைவரும் அறிவர். தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியத்துக்கான கோட்பாட்டை வகுத்தது அந்த மாநாடு; இன்றும் ஒவ்வொரு ஊதியக் கோரிக்கையிலும் அது மேற்கோளாகிறது. அதே மாநாடு ரேஷனலைசேஷன் குறித்தும் நெறிகளை ஏற்றது. இருக்கும் தொழிலாளர்களுக்கு ஆட்குறைப்போ வருமான இழப்போ கூடாது. பலன்கள் சமூகம், முதலாளி, தொழிலாளி மூவருக்கும் நியாயமாகப் பகிரப்பட வேண்டும். வேலைச்சுமையை இரு தரப்பும் ஏற்ற நிபுணர்கள் மதிப்பிட வேண்டும். பணிச்சூழலும் மேம்பட வேண்டும். முதற்பாதி கோரிக்கைச் சாசனங்களில் வாழ்கிறது. இந்த இரண்டாம் பாதி கோப்புகளில் தூங்குகிறது. அதை எழுப்ப வேண்டிய மேடையையே மோடி அரசு முடக்கியுள்ளது. 2015-இல் நடந்த 46-ஆவது மாநாட்டுக்குப் பின் இந்தியத் தொழிலாளர் மாநாடு கூட்டப்படவில்லை.

சட்டத்திலும் ஒரு பிடி மிச்சமிருக்கிறது. தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவு, பணிநிலைமைகளை மாற்றுவதற்கு 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்றது. தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு தொழிலாளிக்கு எதிராகப் பலவற்றைச் செய்திருந்தாலும், ஆட்குறைப்பு, மூடல் அனுமதிக்கான வரம்பை 100-லிருந்து 300 ஆக உயர்த்தியிருந்தாலும், இந்த அறிவிப்பு ஏற்பாடு அதன் 40-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. ஆட்குறைப்புக்கு இட்டுச்செல்லக்கூடிய தொழில்நுட்ப மாற்றம் அதன் அட்டவணையில் உண்டு. “யாரையும் நீக்கவில்லை, ஆகவே இது பொருந்தாது” என்று நிர்வாகம் நழுவப் பார்க்கும். அப்போது அதே அட்டவணையில் உள்ள ‘கிரேடு வகைப்பாடு’ என்ற வரியைக் காட்ட வேண்டும். வெல்டரை ஆபரேட்டர் ஆக்குவது வகைப்பாட்டு மாற்றமே. அறிவிப்பு என்பது ஒப்புதல் அன்று என்பது உண்மை. ஆனால் அறிவிப்பின்மீது தகராறு எழுப்பிச் சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால், அது முடியும்வரை பணிநிலைமையைத் தன்னிச்சையாக மாற்ற முடியாது. அந்த இடைவெளியில் சங்கம் பேசுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

பேச வேண்டியது என்ன? கடவுச்சொல் வெல்டரிடம் இருக்க வேண்டும். அளவுகளை வைக்கவும் திருத்தவும் அவருக்கு வேலைநேரத்திலேயே, ஊதியத்தோடு, பயிற்சியும் சான்றிதழும் தரப்பட வேண்டும். கொதிகலன் சட்டத்தின்கீழ் உயரழுத்த வெல்டருக்குத் தேர்வு வைத்து அரசே சான்று வழங்கும் மரபு நாட்டில் பல பத்தாண்டுகளாக உள்ளது; கையின் திறனை அரசு அங்கீகரிக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. திருச்சி பெல் வளாகத்தில் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இந்தூரில் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையம் லேசர்களை உள்நாட்டிலேயே உருவாக்கியுள்ளது. பொதுத்துறையில் இவ்வளவு அறிவு இருக்க, பட்டறை வெல்டருக்கு லேசர் பற்றிச் சொல்லித்தருபவர் இயந்திரத்தை விற்ற வியாபாரியின் ஆள் என்பது வெட்கக்கேடு. மாநிலக் குறைந்தபட்ச ஊதிய ஆலோசனைக் குழுக்களில் அமரும் தொழிலாளர் பிரதிநிதிகள், லேசர் வெல்டர் என்ற பெயரை முழுத் திறன் பட்டியலில் சேர்க்கக் கோரலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு திருத்த அறிவிப்பு போதும்.

இவையெல்லாம் சங்கம் உள்ள இடத்துக்குப் பொருந்தும். பதிவு பெற்ற ஆலைகளிலேயே தொழிலாளர்களில் 40 சதவீதத்துக்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளர். நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறையில் சங்கம் என்ற பேச்சே கிடையாது. சங்கத்தின் நிலை மற்ற எதையும்விட இங்கே பலவீனம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தின் பிரச்சாரம் எத்தனை ஃபேப்ரிகேஷன் பட்டறைகளின் ஷட்டருக்குள் சென்றது என்று ஒவ்வொரு மாவட்டக் குழுவும் தன்னையே கேட்டுக்கொள்ளலாம். அந்தப் பட்டறைகளில் முதலாளியே பல நேரம் பழைய வெல்டர். கடன் வாங்கி இயந்திரம் வாங்கியவர். பெரிய ஆலையின் உப-ஒப்பந்த விலைக்குக் கட்டுப்பட்டவர். வேகம் கூடியதன் பலனை அவரிடமிருந்தும் அடுத்த ஒப்பந்தத்தில் பெரிய ஆலை விலைக்குறைப்பாகப் பிடுங்கிக்கொள்ளும். பட்டறை பட்டறையாகப் போராடுவது அங்கே பலன் தராது. தொழிற்பேட்டை அளவில், தெரு அளவில், எல்லாப் பட்டறைத் தொழிலாளருக்கும் ஒரே சங்கம் என்ற பழைய பகுதிவாரி முறையே பொருந்தும்.

அப்படி ஒரு பகுதிச் சங்கம் அமைந்தால், அதன் முதல் கோரிக்கை ஊதியத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. துப்பாக்கியைப் பிடிப்பவருக்குக் கிடைக்கும் அதே தரச்சான்றுள்ள கண்ணாடி, எதிரே தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஹெல்பருக்கும் வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். எந்தப் பட்டறை முதலாளியும் அதை வெளிப்படையாக மறுத்துவிட முடியாது.